தினம் ஒரு படைப்பு: அன்றாடச் சவால் கலைஞரிடம் எதை வளர்க்கிறது, எதை வளர்ப்பதில்லை?

அக்டோபர் பிறந்தால் சமூக ஊடகங்களில் மையால் வரைந்த படங்கள் நிறைகின்றன. நவம்பரில் நாவல் எழுதுவோரின் சொற்கணக்குகள் வருகின்றன. ஏப்ரலில் நாளுக்கொரு கவிதை வருகிறது. இவற்றைப் பார்க்கும் இளம் கலைஞருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. நாள் தவறாமல் செய்தால் வளர்ச்சி தானாக வரும் என்பது ஒன்று. அவசரத்தில் செய்யும் வேலை கையைக் கெடுக்கும், கடைசியில் சோர்வுதான் மிஞ்சும் என்பது மற்றொன்று. இரண்டு தரப்புக்கும் கண்கூடான சான்றுகள் இருப்பதால்தான் குழப்பம் தீராமல் இருக்கிறது.

சவால் என்பதை ஒரே பொருளாகப் பார்க்கும் வரை இதற்கு விடை கிடைக்காது. அது பல உறுப்புகள் சேர்ந்த ஓர் ஏற்பாடு. ஒவ்வோர் உறுப்பும் கற்றலின் வெவ்வேறு பகுதியைத் தொடுகிறது. சில முக்கியமான பகுதிகளை எந்த உறுப்புமே தொடுவதில்லை.

## சவாலின் நான்கு உறுப்புகள்

1. கெடு: அன்றைய வேலை அன்றே முடிய வேண்டும்.
2. கால எல்லை: முப்பது நாள், நூறு நாள் என்று தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே தெரியும்.
3. விதி: ஒரு தூண்டுசொல், ஒரு கருவி, ஒரு அளவு என ஏதோ ஒன்று தேர்வைக் குறுக்குகிறது.
4. சாட்சி: செய்ததை வேறு யாராவது பார்க்கிறார்கள்.

இன்று பரவலாக அறியப்படும் சவால்கள் இந்த நான்கையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தவை. அக்டோபரில் நாளுக்கொரு மை ஓவியம் வரையும் இன்க்டோபரை 2009-இல் தொடங்கிய அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கரின் நோக்கம், மைவேலையில் தன் கைத்திறனைக் கூட்டுவதும் நல்ல வரையும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதும்தான். நானோரைமோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாவல் எழுதும் மாதத்தை 1999-இல் கிறிஸ் பேட்டி 21 பேருடன் தொடங்கினார். அதன் இலக்கு ஒரு மாதத்தில் 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்படுவதாக அறிவித்தது. ஆனால் மேற்சொன்ன நான்கு உறுப்புகளில் எதற்கும் ஓர் அமைப்பு தேவையில்லை. ஒரு நாட்காட்டியும் ஒரு நண்பரும் போதும்.

வடிவமைப்பாளர் மைக்கேல் பெய்ரூட் யேல் கலைப் பள்ளியில் மாணவர்களுக்குத் தந்த பயிற்சியில் விதிக்கே முதலிடம் இருந்தது. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு செயலை மாணவரே தேர்ந்தெடுத்து, அதை நூறு நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். சாட்சியே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் எண்பது வயதைக் கடந்த பிறகு, 1842, 1843 ஆண்டுகளில், தீமையை விலக்கும் காப்பாக நாள்தோறும் ஒரு சிங்க உருவத்தை வரைந்து வந்தார். சிங்கம் மாறவில்லை, அது நிற்பதும் துள்ளுவதும் சுருண்டு கிடப்பதும் படத்துக்குப் படம் மாறின.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆன் கவாரா என்ற ஓவியர் 1966 ஜனவரி 4 முதல், வரையும் நாளின் தேதியையே ஓவியமாகத் தீட்டி வந்தார். நள்ளிரவுக்குள் முடியாத ஓவியத்தை அழித்துவிடுவது அவர் விதி. அங்கே அன்றாடம் என்பதே கலைப்பொருள்; அது திறன் வளர்க்கும் பயிற்சி அன்று. இக்கட்டுரை பேசுவது பயிற்சியாகச் செய்யப்படும் சவாலைப் பற்றி மட்டுமே.

## கை எப்படிக் கற்கிறது

உடல்சார்ந்த திறன்கள் மூன்று கட்டங்களாகப் படிகின்றன என்று 1967-இல் பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் கட்டத்தில் அவை தாமாகவே நிகழ்கின்றன. தூரிகையின் நுனியை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருப்பவருக்கு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று யோசிக்கக் கவனம் மிஞ்சாது. கோடு தானாக வரத் தொடங்கிய பிறகே அந்தக் கவனம் விடுபட்டு, படத்தின் அமைப்புக்கும் உணர்வுக்கும் போய்ச் சேர்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்ற பழமொழி சொல்வது இந்த மூன்றாம் கட்டத்தைத்தான்.

நாள்தோறும் செய்வது இதற்கு ஏன் உதவுகிறது? ஒரே நாளில் ஏழு மணி நேரம் பயில்வதைவிட, ஏழு நாட்களில் நாளுக்கு ஒரு மணி நேரம் பயில்வது பொதுவாக ஆழமாகப் பதியும். இடைவெளி விட்டுப் பயில்வதன் இந்தப் பலனை நினைவாற்றல் தொடர்பாக ஹெர்மன் எபிங்காஸ் 1885-லேயே பதிவு செய்தார். பின்னர் உடல்சார்ந்த திறன்களிலும் அது உறுதிப்பட்டது. பகலில் பயின்ற அசைவுகளை மூளை உறக்கத்தின்போது ஒழுங்குபடுத்தி நிலைப்படுத்துகிறது என்பதும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. ஆகவே வார இறுதியில் மட்டும் நெடுநேரம் உட்காருபவரைவிட, தினம் அரைமணி நேரம் உட்காருபவருக்கு ஓர் இயல்பான சாதகம் இருக்கிறது. ஆனால் தானாக நிகழும் கட்டத்துக்குத் திருத்தமான அசைவுகள் மட்டும் போவதில்லை. பிழையான அசைவுகளும் அதே உறுதியுடன் போய்ப் படிகின்றன.

## முடிப்பது தனித் திறன்

சவாலின் மிகப் பெரிய பயன் கைத்திறன் அன்று என்பது என் மதிப்பீடு. அது முடிக்கும் திறன். இது தனியாகப் பயில வேண்டிய ஒன்று என்பதையே பலரும் உணர்வதில்லை.

ஒரு படைப்பை உருவாக்குவதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில தீர்மானங்கள் உண்டு. எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வெற்றுத் தாளில் முதல் கோட்டை இட வேண்டும். நடுவழியில், நினைத்தது வேறு, வந்திருப்பது வேறு என்று தெரியும்போது என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். பிறகு, இதற்கு மேல் தொட்டால் கெடும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே ஓவியத்தில் மூன்று மாதம் உழைப்பவர் இந்த முழுச் சுற்றையும் மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறைதான் கடக்கிறார். முப்பது நாள் சவாலில் இருப்பவர் முப்பது முறை கடக்கிறார்.

பெரும்பாலான தொடக்கநிலைக் கலைஞர்களின் கோப்புறைகளில் தொடக்கங்களே நிறைந்திருக்கும். முதல் அத்தியாயத்தோடு நின்றுபோன நாவல்கள், முகம் மட்டும் முடிந்து உடல் வெறும் கோடாக நிற்கும் உருவங்கள், பல்லவியோடு நின்ற பாடல்கள். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் மனத்தில் இருக்கும் படைப்பு குறையற்றது. தொடரத் தொடர அது குறையுள்ள உண்மைப் பொருளாக மாறுகிறது. அந்த ஏமாற்றம் வரும் இடத்தில் எழுந்துபோய்ப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது எளிது. இப்படிப் பல ஆண்டுகள் கழிந்தால் தொடங்குவதில் தேர்ச்சி கிடைக்கும்; முடிப்பதில் ஒரு நாள் பயிற்சிகூட இருக்காது. கதையின் இறுதிப் பகுதியை ஒருபோதும் எழுதியிராதவருக்கு முடிவு எழுத வராததில் வியப்பில்லை.

அன்றைய வேலை அன்றே முடிய வேண்டும் என்ற கெடு அந்தத் தப்பிக்கும் வழியை அடைக்கிறது. ஏமாற்றம் வந்த பிறகும் மேசையிலேயே இருந்தாக வேண்டும். அப்போதுதான் சரியாக வராத ஒன்றைக் காப்பாற்றும் உத்திகள் பிறக்கின்றன: தவறிய கோட்டை நிழலுக்குள் இழுத்துக்கொள்வது, தொய்ந்த பத்தியை வெட்டிவிட்டு அடுத்ததிலிருந்து தொடங்குவது, ஒத்துவராத சுரத்தை அடுத்த அடியில் மீண்டும் கொண்டுவந்து அதையே வடிவமாக்குவது. நன்றாகத் தொடங்கிய வேலைகளை மட்டும் தொடர்பவருக்கு இவை கைவருவதே இல்லை.

இதோடு ஒட்டி வருவது அளவறிதல். ஒரு மணி நேரத்தில் சந்தைக் கூட்டத்தை வரைய முடியாது என்று தெரிந்ததும், கூட்டம் முழுவதையும் உணர்த்தக்கூடிய ஒற்றை உருவத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கையிலிருக்கும் நேரத்துக்கு எவ்வளவு பெரிய எண்ணம் பொருந்தும் என்ற கணிப்பு, கலையைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் எவருக்கும் இன்றியமையாதது. அந்தக் கணிப்பு பலமுறை தவறாகக் கணித்துத்தான் வரும். சவால் அந்தத் தவறுகளின் விலையைக் குறைத்துத் தருகிறது. இன்றைய படம் சரியாக வராவிட்டால் போனது முப்பதில் ஒன்று. ஆண்டுக்கு ஒரே படம் தீட்டுபவருக்கு அதுவே முழுத் தோல்வி. அச்சம் குறைந்த கை புதியதை முயன்று பார்க்கும்.

## எண்ணிக்கை தரமாக மாறுமா?

இந்த இடத்தில் ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது: மட்பாண்ட வகுப்பில் எண்ணிக்கைக்காகச் செய்த குழு, தரத்துக்காக ஒரே பானையில் உழைத்த குழுவைவிட நல்ல பானைகளைச் செய்தது என்பது. கதை கருத்தைக் கவரக்கூடியது. ஆனால் அதை அறிவியல் ஆய்வு முடிவாக மேற்கோள் காட்டுவது தவறு. அது கற்பித்தலுக்காகச் சொல்லப்பட்ட கதை.

ஆய்வு அடிப்படையில் பேச வேண்டுமானால் உளவியலாளர் டீன் கீத் சைமன்டனின் வேலையைப் பார்க்கலாம். படைப்பாளிகளின் வாழ்நாள் உற்பத்தியை அளவிட்ட அவர், அதிகம் படைத்தவர்களிடமே சிறந்த படைப்புகளும் அதிகம் என்றும், அவர்களிடமே சுமாரானவையும் அதிகம் என்றும் காட்டினார். இதிலிருந்து கிடைக்கும் முடிவை மிகைப்படுத்தக் கூடாது. அதிகம் செய்தால் நல்லது ஒன்று அமையும் வாய்ப்பு கூடுகிறது என்றுதான் இது சொல்கிறது. அதிகம் செய்தவரின் சராசரித் தரம் உயர்ந்தே தீரும் என்று இது சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காட்டும் சான்று, பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் டிஜிட்டல் ஓவியர் மைக் விங்கல்மன். 2007 மே 1 முதல் நாள் தவறாமல் ஒரு படம் உருவாக்கிவந்த அவரது முதல் 5,000 நாட்களின் தொகுப்பு, 2021 மார்ச்சில் 6.9 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. இந்தச் செய்தியைப் படித்த பலரும், விடாமல் செய்ததற்குக் கிடைத்த விலை அது என்று புரிந்துகொண்டார்கள். அந்த விலையில் அப்போதைய டிஜிட்டல் சொத்துச் சந்தையின் வேகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கலைஞர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. முதல் ஆண்டு கையால் வரைந்தவர், அடுத்த ஆண்டு முப்பரிமாண மென்பொருளைக் கற்பதற்காக அன்றாடப் படத்தைப் பயன்படுத்தினார். பின்னரும் புதிய கருவிகளுக்கு மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாற்றமும் அவரை மீண்டும் முதல் கட்டத்துக்குத் தள்ளியது. வளர்ச்சியின் காரணத்தை 5,000 என்ற எண்ணில் தேடுவதைவிட அந்த மாற்றங்களில் தேடுவதே பொருத்தம்.

எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. அது தாமதமாகவே தெரியவரும். முப்பது படைப்புகளை ஒரே இடத்தில் பரப்பிவைத்துப் பார்த்தால், ஒன்றில் தெரியாதது முப்பதில் தெரியும். முகங்கள் எல்லாம் இடப்பக்கமே திரும்பியிருக்கலாம். கைகள் எல்லாம் சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ மறைந்திருக்கலாம். கவிதைகள் அனைத்தும் மழையில் தொடங்கலாம். இந்தக் குறைகளைக் கலைஞர் அதுவரை உணர்ந்திருக்கமாட்டார். ஏனெனில் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும்.

## விதி ஏன் உதவுகிறது

எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலையில் தேர்விலேயே நேரம் போகிறது; அதோடு, மனம் பழகிய பொருளையே எடுக்கிறது. தூண்டுசொல் இந்த இரண்டையும் தடுக்கிறது. பாலம் என்ற சொல் வந்துவிட்டால், பாலம் வரையத் தெரியாது என்பது அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். விதியின் பயன் இவ்வளவுதான்.

## சவால் எங்கே தோற்கிறது

முதலாவது, தேக்கம். ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-இல் வயலின் கலைஞர்களை ஆராய்ந்து, வெறுமனே திரும்பச் செய்வதையும் திறனுக்கான பயிற்சியையும் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் குறிப்பிட்ட பயிற்சியில் ஒரு குறிப்பிட்ட பலவீனம் இலக்காக இருக்கும். செய்தது சரியா என்ற பின்னூட்டம் உடனே கிடைக்கும். அதைக் கொண்டு திருத்தி மீண்டும் செய்ய இடம் இருக்கும். தினசரிச் சவால் இயல்பாகத் தருவது மீள்செயலை மட்டுமே. கெடு நெருங்கும் இரவு பதினொரு மணிக்கு எவரும் தமக்கு வராததை முயல்வதில்லை. நன்றாக வருவதையே செய்கிறார்கள். பத்து நாளில் ஒரு பாணி உறைந்துவிடுகிறது. வேகம் கூடுவதால் அது வளர்ச்சி போலவே தோன்றும். சவாலை எதிர்ப்பவர்கள் சொல்வதில் உள்ள உண்மை இதுதான்.

இரண்டாவது, திருத்தி எழுதுவதற்கு இடமின்மை. இது போதுமான அளவு பேசப்படுவதில்லை. நாளுக்கொன்று என்ற ஏற்பாட்டில் எல்லாமே முதல் வரைவுகள். ஒரு கதையை மூன்று வாரம் ஆறப்போட்டு, பிறகு எடுத்து அதன் பாதியை நீக்கும் துணிவு இங்கே பயிலப்படுவதே இல்லை. எண்ணெய் வண்ணத்தின் ஓர் அடுக்கு காய்ந்த பிறகு அடுத்த அடுக்கைத் தீட்டும் முறையோ, நாவலின் பல இழைகளை ஒருசேர மனத்தில் தாங்கும் ஆற்றலோ ஒரு நாளுக்குள் அடங்காது. இத்தகைய நெடும் வேலைகளே ஒருவரின் இயல்பு என்றால், சவால் அவருக்கு இடையிடையே வரும் பயிற்சியாக இருக்கலாம். அன்றாட வாழ்முறையாக அமைய வேண்டியதில்லை.

மூன்றாவது, வெகுமதி. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் பரிசு எதுவும் இல்லாத சூழலில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. விருப்பக் குறிகளை எதிர்பார்த்துத் தினமும் பதிவிடுவது இதே போன்றது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சவால் முடிந்த மறுநாள் வரையும் விருப்பமே அற்றுப்போவதாகச் சொல்பவர்களின் அனுபவத்துக்கு இது பொருத்தமான விளக்கமாகவே தோன்றுகிறது.

நான்காவது, அறுந்த தொடர்ச்சி. பதினேழாம் நாள் தவறிப்போனதும் எல்லாம் போயிற்று என்று கைவிடுபவர்கள் பலர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் பழக்கம் உருவாவதை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவுகளில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. அவர்கள் ஆராய்ந்தது உணவு, நீர், உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களை. படைப்பு வேலை அவற்றைவிடச் சிக்கலானது. இருந்தாலும் இதிலிருந்து இரண்டு செய்திகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்: முப்பது நாளில் பழக்கம் நிலைத்தே தீரும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இல்லை, ஒரு நாள் விட்டதால் முந்தைய பதினாறு நாட்களின் கற்றல் அழிந்துபோவதும் இல்லை.

உடலையும் மறந்துவிடக் கூடாது. மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போதல், கண் எரிச்சல் ஆகியவை தொடர்ந்தால் அன்றே நிறுத்த வேண்டும். அவற்றை உறுதியால் வெல்ல முயல்வது நீண்டகாலக் காயத்தில் முடியும்.

## சவாலை வடிவமைக்கும் முறை

மேற்கண்ட தோல்விகள் பெரும்பாலும் வடிவமைப்பால் தடுக்கக்கூடியவை.

1. ஒரே ஒரு கேள்வியை முன்வைத்துத் தொடங்க வேண்டும். முப்பது படம் வரைவேன் என்பதில் கேள்வி இல்லை. முப்பது நாளும் ஒரே வெளிச்சத்தில் துணியின் மடிப்புகளை வரைவேன், அல்லது முப்பது உரையாடல்களை விவரிப்பே இல்லாமல் எழுதுவேன் என்பதில் கேள்வி இருக்கிறது.

2. அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மிக மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதுவே சரியான அளவு. இசையமைப்பவருக்கு எட்டு அடிகள் போதும். ஓவியருக்கு உள்ளங்கை அகலத் தாள் போதும்.

3. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே பொருளை, ஒரே கருவியால், ஒரே கால அளவில் செய்து வைக்க வேண்டும். வளர்ச்சி உண்டா என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடையாது.

4. ஏழாம் நாள் புதிதாக எதையும் செய்யாமல் முந்தைய ஆறையும் பரப்பிப் பார்க்க வேண்டும். எதைத் தவிர்த்திருக்கிறேன், எது திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் அவசரப்பட்டேன் என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை தர வேண்டும். பிறகு ஆறில் ஒன்றை எடுத்து அதே நாளில் மீண்டும் செய்ய வேண்டும். எரிக்சன் சொன்ன திருத்தமும், நாளுக்கொன்று என்ற ஏற்பாட்டில் விடுபட்டுப்போன மறுவரைவும் இந்த ஒரே நாளில் உள்ளே வந்துவிடுகின்றன. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டுமே பின்பற்ற முடியும் என்றால் இதையே பின்பற்றலாம்.

5. ஆயிரம் பார்வையாளர்களைவிடத் துறை தெரிந்த ஒருவர் பயன்மிக்கவர். பாராட்டுபவரைவிட, இந்த இடத்தில் கோடு ஏன் தயங்குகிறது என்று கேட்பவர் வேண்டும். பொதுவில் பதிவிட விரும்புபவர்கள், வார இறுதியில் மொத்தமாகப் பதிவிட்டால் அன்றன்றைய எதிர்வினைகளின் இழுப்பு குறையும்.

6. தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரண்டு செய்யக் கூடாது. அது வேலையைத் தண்டனையாக்குகிறது.

## எப்போது நிறுத்துவது

கால எல்லை முடிந்ததும் அடுத்த சவாலை உடனே தொடங்குவது பலரின் வழக்கம். அதற்கு முன் இரண்டு அறிகுறிகளைச் சோதிக்கலாம். கடைசி இரண்டு வாரங்களின் மீள்பார்வையில் புதிதாக எதுவும் எழுதவில்லை என்றால், அந்தக் கேள்வியிலிருந்து கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. கேள்வியையோ கருவியையோ மாற்ற வேண்டும். எதைச் செய்வது என்பதை, எது விரைவில் முடியும் என்பதே தீர்மானிக்கத் தொடங்கியிருந்தால், நாளுக்கொன்று என்ற வடிவத்தையே சில காலம் விட்டுவிட வேண்டும்.

அப்படி விடும்போது கையில் இருக்கும் குவியலில் பெரும்பாலானவை தம் வேலையை முடித்துவிட்டவை. ஆனால் இரண்டோ மூன்றோ, அந்த ஒரு நாளுக்குள் அடங்காமல் திமிறியவையாக இருக்கும்: சிறிய தாளில் நெருக்கியடித்து நிற்கும் ஓர் உருவம், ஒரு பக்கத்தில் முடித்துவைக்கப்பட்ட ஒரு நீண்ட கதை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கெடு வைக்காமல், அடுத்த இரண்டு மூன்று மாதங்களை அதற்கே ஒதுக்கலாம்.